மூன்றாவது ஆணி

அந்த வீட்டு ஹாலில், சோபாவுக்கு நேர் எதிரே இருக்கும் சுவரில் ஒருவருடைய போட்டோ ஏற வேண்டுமென்றால் அதற்கு ஒரே ஒரு தகுதிதான். பட்டம் வாங்கியிருக்க வேண்டும். அழகாக இருப்பது போதாது. நல்லவராக இருப்பது போதாது. செத்துப்போனால்கூடப் போதாது, அப்பாவின் படமே உள்ளறையில்தான் இருக்கிறது. கறுப்பு அங்கி, சதுரத் தொப்பி, கையில் சுருட்டிப் பிடித்த காகிதம், இவ்வளவும் இருந்தால் ஹால். இல்லாவிட்டால் ஆல்பம்.

இது அம்மா போட்ட சட்டம். ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் டோக்கன் கொடுத்து, ஒற்றை ஆளாகப் பிள்ளைகளை வளர்த்தவள். அவள் போட்ட சட்டத்தில் கை வைக்க யாருக்கும் தைரியம் கிடையாது. முதல் ஆணியில் இன்ஜினியர் அண்ணன். இரண்டாவதில் டாக்டர் அக்கா. அவள் கல்யாணமாகி வேறு நாட்டுக்குப் போய்விட்டாள், படம் போகவில்லை. மூன்றாவது ஆணியையும் அம்மா அக்கா படத்தை மாட்டிய அன்றைக்கே ஒரு நம்பிக்கையில் அடித்து வைத்துவிட்டாள். அந்த ஆணிக்கு உரியவள்தான் கடைக்குட்டி குருவி.

குருவி என்பது வேலை இடத்தில் வைத்த பெயர். நாளடைவில் வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. கட்டடம் கட்டும் இடங்களில் வானத்தை முட்டிக்கொண்டு நிற்கிறதே டவர் கிரேன், அதன் உச்சியில் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து அதை ஓட்டுகிறவள் அவள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஒருநாள் ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்துக் கிரேனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாத்தியார் கேட்ட கேள்வி காதில் விழவில்லை. அடுத்த மாதம் ஆபரேட்டர் பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டாள். "எல்லாரும் படிச்சு முடிச்சுட்டு வேலை தேடறாங்க. எனக்கு வேலை முதல்லயே கிடைச்சிருச்சு, அப்புறம் படிப்பு எதுக்கு?" என்று கேட்டவளிடம் அம்மா ஒரு வாரம் பேசவில்லை. அதற்குப் பிறகு பேசினாள். ஆனால் மூன்றாவது ஆணியில் ஒரு காலண்டரைக்கூட மாட்ட விடவில்லை.

குருவிக்குத் தன் வேலையில் கர்வம் உண்டு. அதை அவள் மறைத்ததும் இல்லை. கீழே இருந்து சிக்னல்காரர் வாக்கி-டாக்கியில் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும்" என்று சொல்லும்போது இரண்டாவது "கொஞ்ச"த்துக்கு எவ்வளவு, மூன்றாவதற்கு எவ்வளவு என்று அவளுக்கு விரல் நுனியில் தெரியும். அப்படிப்பட்டவளுக்கு ஹாலில் இடமில்லை என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. எத்தனையோ பேர் தலைக்கு மேல் டன் கணக்கில் இரும்பைச் சுமந்துகொண்டு போய்ப் பத்திரமாக இறக்கி வைக்கிறவள், தன் வீட்டில் மட்டும் ஆல்பத்துக்குள் அடங்கிக் கிடக்க வேண்டுமா?

ஆகவே போன மாதம் அவள் ஒரு காரியம் செய்தாள். பக்கத்துக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து சிக்னல்காரர் எடுத்த போட்டோ ஒன்று அவளிடம் இருந்தது. பின்னால் முழுக்க வானம். நடுவில் மஞ்சள் கேபின். கண்ணாடிக்குள் அவள், லீவரில் கை வைத்தபடி. அதைப் பெரிதாகப் போட்டு, அண்ணன் அக்கா படங்களுக்கு இருப்பது போலவே தங்க நிறச் சட்டம் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அம்மா அதைக் கையில் வாங்கினாள். ஒரு நொடி பார்த்தாள். பிறகு மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

"இது இந்தச் சுவத்துக்கு இல்லடி."

"ஏன் இல்ல?"

"உனக்கே தெரியும். பட்டம் வாங்கினவங்களுக்குத்தான் இந்தச் சுவரு."

"லைசென்ஸ் வாங்கியிருக்கேனே. அதுவும் பரீட்சை எழுதித்தான் குடுத்தாங்க."

"வியாக்கியானம் பண்ணாத. எடுத்து உள்ள வை."

"அப்படிப் பார்த்தா நீயும்தான் சுவத்துல இல்ல. உன் போட்டோ எங்க?"

"நான் என்ன படிச்சுக் கிழிச்சேன், எனக்குப் போட்டோ மாட்ட?" என்று சொல்லிவிட்டு அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள்.

குருவி படத்தைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அம்மாவுக்குத் தன்னால் வெட்கம் என்று அவள் முடிவு கட்டியது அன்றைக்குத்தான். மாட்டாமல் விட்டதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். குப்புறக் கவிழ்த்ததுதான் வலித்தது.

இந்த நிலைமையில்தான் அண்ணனுக்குக் கல்யாணம் கூடி வந்தது. அதுவும் அவனாகவே தேடிக்கொண்டது. முப்பது வயதுக்கு மேல் நீச்சல் கற்றுக்கொள்ளப் போய், முதல் நாளே ஆழமான பக்கத்தில் இறங்கி, தண்ணீர் குடித்தவனை, நீச்சல் சொல்லிக்கொடுக்கிற பெண் சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டாள். அன்றைக்குப் பிடித்தவளை அவன் விடவில்லை. அம்மாவிடம் "டீச்சர்" என்று மட்டும் சொல்லி வைத்தான். என்ன டீச்சர், எதுவரை படித்தவள் என்பதையெல்லாம் கமுக்கமாக வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் வீட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்த குருவி ஹாலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டாள். மூன்றாவது ஆணியில் அவளே தொங்கிக்கொண்டிருந்தாள். கறுப்பு அங்கி. சதுரத் தொப்பி. கையில் சுருட்டிய காகிதம். தோள் மட்டும் அவளுடையதைவிட ஒரு சுற்றுப் பெரிது. விரல்களில் நீளநீளமாக நகம், நகத்தில் சிவப்புச் சாயம். கிரேன் லீவர் பிடிக்கிறவள் எந்த ஜன்மத்தில் நகம் வளர்த்தாள்?

கிட்டே போய்ப் பார்த்தவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தாடைக்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில் ஒரு வார் ஓடியது. அவளுடைய ஹெல்மெட் வார். வேலை இடத்து அடையாள அட்டைக்கு ஹெல்மெட்டோடு எடுத்த போட்டோவின் பிரதி ஒன்று வீட்டில் கிடந்தது. மற்ற எல்லாப் போட்டோவிலும் அவள் நாக்கைத் துருத்திக்கொண்டோ முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டோ இருப்பாள்; நேராகப் பார்த்தது அந்த ஒன்றில்தான். அம்மா அதைக் கொண்டுபோய் ஸ்டுடியோவில் கொடுத்திருக்கிறாள். ஸ்டுடியோக்காரர் ஹெல்மெட்டை எடுத்துவிட்டுத் தொப்பியை வைத்தார். வாரை மறந்துவிட்டார், அல்லது தொப்பிக்கும் அது தேவைப்படும் என்று விட்டு வைத்தார்.

"இது யாரும்மா?"

"நீதான்." அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"கழுத்து வரைக்கும் சரி. அதுக்குக் கீழ?"

"போன வருஷம் அங்க படம் எடுத்துக்கிட்ட ஒரு வக்கீலம்மாவாம். நல்ல உடம்புவாகுன்னு ஸ்டுடியோக்காரர் சொன்னாரு." அம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஞாயித்துக்கிழமை வர்றாங்க இல்ல. வெறும் ஆணியைப் பார்த்தா என்னன்னு கேப்பாங்க. ஒரு நாளைக்குத்தானேடி. அவங்க போனதும் எடுத்துடறேன்."

"இத்தனை வருஷம் பட்டம் பட்டம்னு எங்களை விரட்டின. இப்ப நீயே திருட்டுப் பட்டம் குடுக்கற."

அம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன. வீட்டுக்குள் அப்போதுதான் நுழைந்த அண்ணன் சுவரைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், வந்த வழியே திரும்பப் பார்த்தான்.

"அண்ணா, ஓடாத. உனக்கு இது தெரியுமா?"

"அம்மா இஷ்டம்," என்றான் அவன், ஷூவைப் பார்த்துக்கொண்டே. அந்தப் பேச்சைக் கிளறினால் தன் குட்டும் உடைந்துவிடும் என்ற பயம் அவனுக்கு.

குருவி படத்தைக் கழற்றிவிடலாம். கை எட்டும் தூரம்தான். அவள் கழற்றவில்லை.

"நீ மாட்டினது, நீயே இறக்கு. நான் தொட மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். என்கிட்ட யாராவது நேரா கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். கிரேன் ஓட்டறேன்னுதான் சொல்வேன். அப்ப உன் மானம் போனா என்னைக் கேக்காத."

அடுத்த இரண்டு நாளும் குருவி வழக்கம்போல வேலைக்குப் போனாள். குருவிக்குப் பயமெல்லாம் இல்லை. ஆனால் கேபினில் உட்கார்ந்திருக்கும்போது ஒரே கேள்விதான் சுற்றிச்சுற்றி வந்தது. வெளி மனிதர்கள் முன்னால் அம்மா தன்னை யார் என்று சொல்லப்போகிறாள்? அந்தப் பதிலைத் தெரிந்துகொள்ளாமல் அவளால் இனி அந்த ஹாலில் சகஜமாக உட்கார முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பெண்ணின் அம்மா வெள்ளந்தியான மனுஷி, வாசலில் ஆரம்பித்த பேச்சைச் சோபாவில் உட்காரும் வரை நிறுத்தவில்லை. பெண் நல்ல உயரம், நீச்சலில் அகன்ற தோள். ஆனால் அந்தத் தோளைக் குறுக்கிக்கொண்டு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எதிரே சுவர். அவள் பார்வை முதல் படத்துக்குப் போயிற்று, இரண்டாவதற்கு, மூன்றாவதற்கு. பிறகு கையிலிருந்த கோப்பைக்குள் இறங்கிவிட்டது.

"இது உங்க சின்னவதானே? அச்சு அசல் உங்க முகம். என்னம்மா படிச்சிருக்கா?" என்று பெண்ணின் அம்மா கேட்டாள். கேட்டது குருவியின் அம்மாவை.

குருவி டீத் தட்டோடு நின்றாள். அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"எம்.காம்.," என்றாள் அம்மா.

சொல்லிவிட்டாள். தன்னைக் கேட்கவில்லை, அதனால் தான் வாய் திறக்க வேண்டியதில்லை என்று குருவி பல்லைக் கடித்துக்கொண்டாள். பதில் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

"அடேயப்பா. மூணு பேரும் பட்டதாரிங்க," என்றாள் பெண்ணின் அம்மா. பிறகு பெருமூச்சு விட்டாள். "ஒளிச்சு மறைச்சு என்ன ஆகப்போகுது சம்பந்தியம்மா, முதல்லயே சொல்லிடறேன். இவ பி.காம். பாதியில விட்டுட்டா. ஏறல. சின்னதிலிருந்தே நீச்சல் நீச்சல்னு தண்ணியிலயே கிடக்கறா, இப்ப அதையே குழந்தைங்களுக்குச் சொல்லிக்குடுக்கறா. உங்க பையன் பிடிச்சிருக்குங்கறாரு. ஆனா இந்தச் சுவத்தைப் பார்த்தா எனக்கே கூச்சமா இருக்கு. எங்க பொண்ணை எங்க மாட்டுவீங்க?"

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். சிரிக்கவும் செய்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் மின்விசிறியை ஏதோ முதல் தடவை பார்ப்பவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெண் எழுந்தாள். கோப்பையை மேசையில் வைக்கிற சாக்கில் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஏதாவது பேசியாக வேண்டுமே என்று பேசுகிற குரலில் குருவியிடம் கேட்டாள்.

"இது என்னங்க, தாடைக்குக் கீழ ஆரஞ்சா? பட்டம் வாங்கும்போது இதையும் கட்டணுமா?"

நேராகக் கேட்டாயிற்று. குருவி தட்டைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்தாள்.

ஆனால் அம்மா முந்திக்கொண்டாள். அவள் குருவியைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் அந்த முகத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். கொண்டுவந்த சீட்டு செல்லாது என்று தெரிந்துகொண்டு, கேட்கவும் முடியாமல் போகவும் முடியாமல் நிற்பவர்களின் முகம் அது. தன் வீட்டு ஹாலிலேயே அப்படி ஒருத்தியை நிறுத்திவிட்டோமே என்பது அவளைச் சுட்டது.

அம்மா எழுந்து போய் மூன்றாவது படத்தைக் கழற்றினாள். மேசைமேல் வைத்தாள்.

"தலை மட்டும்தான் என் பொண்ணோடது," என்றாள். "மிச்சமெல்லாம் யாரோ ஒரு வக்கீலம்மா."

வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா பூசி மெழுகவில்லை.

"இவ எம்.காம். எல்லாம் படிக்கல. இவளும் பாதியில விட்டவதான். இப்ப டவர் கிரேன் ஓட்டறா. ஆஸ்பத்திரி ரோட்டுல புதுசா இருபது மாடி எழும்புதே, அதுல இருக்கற இரும்பெல்லாம் இவ தூக்கி வச்சதுதான். கீழ இருக்கறவரு வாக்கி-டாக்கியில சொல்லுவாரு. இவ மேல இருந்து, ஆளுங்க நடுவுல, ஒருத்தர் மேலயும் படாம இறக்குவா. தூக்கறதுக்கு முன்னாடி எடை பார்க்கணும். எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு எடைன்னு கணக்கு இருக்கு. காத்து ஜாஸ்தியானா மேல ஒரு மீட்டர் கத்தும். கத்தினா நிறுத்திடணும். ஒரு தடவை மேனேஜரு நிறுத்தாதன்னு சொல்லியும் இவ நிறுத்திட்டு இறங்கி வந்துட்டா. வெறும் ஆணியா இருந்தா என்ன நினைப்பீங்களோன்னு நான்தான் இந்த அசட்டு வேலையைப் பண்ணினேன். மன்னிச்சுக்குங்க."

இதையெல்லாம் குருவி ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் முதுகைப் பார்த்துச் சொன்னது. அந்த முதுகுக்குக் காது இருந்தது அவளுக்குத் தெரியாது.

முதலில் சிரித்தவள் அந்தப் பெண்தான். வாயைப் பொத்திக்கொண்டு ஆரம்பித்து, முடியாமல், சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தாள். குறுகியிருந்த தோள் இப்போது முழு அகலத்துக்கு வந்தது. அவள் அம்மா வக்கீலம்மாவின் நகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அண்ணன் மின்விசிறியிலிருந்து பார்வையைக் கீழே இறக்கி, "எனக்கும் எல்லாம் முன்னாடியே தெரியும்மா, உன்கிட்ட சொல்லத்தான் பயம்," என்று அசடு வழிந்தான்.

"உன்னை அப்புறம் வச்சுக்கறேன்," என்றாள் அம்மா.

"நிஜப் போட்டோ இல்லையா? நான் பார்க்கணுமே," என்று பெண் கேட்டாள். குருவி கட்டிலுக்கு அடியிலிருந்து படத்தை எடுத்துத் தூசி தட்டிக் கொண்டுவந்தாள். அது கை மாறி மாறிப் போயிற்று.

"இதுல நீ எங்கம்மா இருக்க?" என்று பெண்ணின் அம்மா கேட்டாள்.

"அந்த மஞ்சப் பெட்டிக்குள்ள அத்தை."

"அங்க எப்படி ஏறுவ? லிஃப்ட் உண்டா?"

"ஏணிதான்."

"நான் ஒருநாள் வந்து பார்க்கலாமா?" என்றாள் பெண். "இந்தப் படத்தை நான் எடுத்துக்கட்டுமா? குளத்துல ஆழத்துக்கு வரமாட்டேன்னு அழற பசங்ககிட்ட காட்டணும். உயரம், ஆழம் ரெண்டுக்கும் ஒரே பயம்தான்."

குருவி சந்தோஷமாகக் கொடுத்துவிட்டாள். படம் கை மாறியபோதெல்லாம் அம்மா மட்டும் அதைப் பார்க்கவில்லை. காலிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அதையும் குருவி கவனித்தாள்.

அவர்கள் கிளம்பிப் போனதும் அவள் சமையலறைக்குள் நுழைந்து குழாயை மூடினாள். குழாய் ஓடும்வரை அம்மாவிடம் பதில் வாங்க முடியாது.

"இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்க. அவங்க முன்னாடி அவ்வளவு பெருமையாச் சொன்ன. அப்புறம் ஏம்மா அந்தப் படத்தை மாட்ட விடல? என்னால உனக்கு வெக்கம்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"வெக்கமா? எனக்கா?" அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். மூடிய குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீ காலையில போற. மேல ஏறற. நான் மேசையில உட்கார்ந்து டோக்கன் குடுத்துக்கிட்டே ஜன்னல் வழியா மரம் ஆடுதான்னு பார்க்கறேன். சாயங்காலம் நீ வந்து செருப்பைக் கழட்டற சத்தம் கேட்டாத்தான் எனக்கு அன்னைக்குப் பொழுது முடியுது. அந்தப் படத்தை ஹால்ல மாட்டினா என்ன ஆகும் சொல்லு. நீ வீட்டுக்கு வந்திருப்ப, சாப்பிட்டிருப்ப, உள்ள படுத்துத் தூங்கிட்டிருப்ப. படத்துல மட்டும் மேலேயே இருப்ப. நான் எப்ப பார்த்தாலும் மேலேயே இருப்ப. அதுல நீ இறங்கவே மாட்ட. அதை எப்படிடி நான் தினமும் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கறது?"

அந்தப் படத்தை மாட்டாமலிருக்கப் பட்டம், சட்டம் எல்லாம் ஒரு சாக்கு. அது குருவிக்கு அப்போதுதான் விளங்கியது. அவளிடம் எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. இடுப்பு வார் இருக்கிறது, மீட்டர் இருக்கிறது, எடை மிஞ்சினால் கிரேன் தானே நின்றுவிடும். இதையெல்லாம் அம்மா பாடமாகத் தெரிந்து வைத்துக்கொண்டும் பயப்படுகிறாள் என்றால், இன்னொரு தடவை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. குருவி அம்மா விட்டுவைத்த கோப்பையை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.

"கீழ இறங்கினதுக்கு அப்புறம் ஒண்ணு எடுத்துட்டு வா," என்றாள் அம்மா. "அதை மாட்டறேன்."

மறுநாள் வேலை முடிந்து ஏணியில் இறங்கியதும் குருவி சிக்னல்காரரிடம் போனைக் கொடுத்தாள். "என்னண்ணே, மேல எடுத்த மாதிரி வராதே, இங்க சேறும் சகதியுமா இருக்கே," என்று அவளே குறைபட்டுக்கொண்டாள். "படத்துல சேறும் நல்லா விழட்டும், சும்மா நில்லு," என்றார் அவர். கிரேனின் அடியில் அவள் நின்றாள். தலை கலைந்திருந்தது, ஹெல்மெட் அக்குளில், முகமெல்லாம் வேர்வை. பின்னால் வானம் இல்லை, கான்கிரீட் மேடையும் கம்பிக் கட்டுகளும்தான். நாக்கைத் துருத்தலாமா என்று யோசித்து, வேண்டாமென்று விட்டுவிட்டாள்.

ஸ்டுடியோக்காரர் அதைச் சட்டம் போட்டுக் கொடுக்கும்போது, "அங்கி ஏதாவது சேக்கவா?" என்று கேட்டுப் பார்த்தார். அவள் பார்த்த பார்வையில் பேசாமல் காகிதம் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் அம்மா காகிதத்தைப் பிரித்தாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். முகத்தை அவள் முதலில் பார்க்கவில்லை. படத்தின் அடிப்பக்கத்தில், சேற்றில் அழுந்த ஊன்றியிருந்த இரண்டு பூட்ஸையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"தரையிலதான் நிக்கற," என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவளே ஏறி மாட்டினாள்.